எஞ்சினுக்கு எவ்வளவு மூச்சு?



பரங்கிமலை என்று நம் ஊரார் அழைக்கும் புனித தோமையார் மலையின் படிகளில் ஒரே மூச்சில் ஓடி ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? பாதி வழியிலேயே மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், முகம் சிவந்து வியர்வை வழியும். அதிக வேலை செய்ய அதிகக் காற்று வேண்டும். அதிகக் காற்றை உள்ளே இழுத்தால் அதிக வெப்பம் பிறக்கும். அந்த வெப்பம் வெளியேற வழி வேண்டும். இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரையின் பாதி உங்களுக்கு விளங்கிவிட்டது என்றே சொல்லலாம்.

எங்கள் இயற்பியல் மன்றத்துக்கு இந்த ஆண்டு ஒரு கேள்வி வந்தது. எங்களுள் ஒருத்தியின் அண்ணன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறார். வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் கார். 1200 சி.சி. எஞ்சின், 80 குதிரைத்திறன். அப்பாவின் தொழிலுக்கும் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதற்கும் அந்த ஒரு வண்டிதான். அதற்கு ஒரு 'டர்போ' பொருத்தினால் திறன் இரட்டிப்பாகும் என்று யாரோ சொல்ல, அண்ணன் சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் அதில் போடத் தயாராகிவிட்டார். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "இது வண்டிக்குத் தாங்குமா? பிள்ளைக்குத் தாங்குமா?"

"உணர்ச்சியால் அல்ல, கணக்கால் பதில் சொல்லுங்கள்" என்றார் எங்கள் சிஸ்டர். நாங்கள் கணக்குப் போட்டோம். அதன் விளைவே இக்கட்டுரை.

காற்றே திறன்

எஞ்சின் பெட்ரோலால் ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது காற்றும் பெட்ரோலும் சேர்ந்து எரிவதால் ஓடுகிறது. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. காற்றைக் கூடுதலாகச் சேர்ப்பதுதான் அரிது. ஆகவே எஞ்சினின் திறனை முடிவு செய்வது அது இழுக்கும் காற்றின் எடையே.

அந்த 1200 சி.சி. எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 1.2 லிட்டர் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால், நொடிக்கு 60 லிட்டர். நம் ஊரின் 40 டிகிரி வெயிலில் ஒரு லிட்டர் காற்று 1.13 கிராம் இருக்கும். எனவே நொடிக்கு 68 கிராம் காற்று. அதற்கேற்ற பெட்ரோல் 4.6 கிராம். 1 கிராம் பெட்ரோல் எரிந்தால் சுமார் 44 கிலோஜூல் வெப்பம். ஆக மொத்தம் நொடிக்கு ஏறத்தாழ 200 கிலோஜூல்.

இதில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. அது 90 குதிரைத்திறன் அளவுக்கு வருகிறது. காற்று வடிகட்டியிலும் வால்வுகளிலும் ஏற்படும் தடையால் சிலிண்டர் முழுதும் நிரம்புவதில்லை, ஆகவே 80. புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணும் அதுதான். கரும்பலகையில் இந்த விடை வந்தபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை!

மற்ற இரண்டு பங்கு வெப்பம் எங்கே போகிறது? ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையுடன் போகிறது. இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாகவும் எண்ணெய் வழியாகவும் போகிறது. திறனைக் கூட்டினால் இந்தப் பங்குகளும் கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

காற்றை அழுத்தி ஊட்டுதல்

எஞ்சின் தானாக இழுக்கும் காற்று போதாதென்று, ஒரு விசிறியால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளலாம். அந்த விசிறியை எஞ்சினே பெல்ட்டாலோ பல்சக்கரத்தாலோ சுழற்றினால் அது சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்றால் அது டர்போசார்ஜர். வீணாகும் புகையைக் கொண்டே காற்றை அழுத்தும் இந்த முறைக்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் ஆல்பிரட் புக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர்.

இப்போது கணக்கைத் தொடருவோம். வளிமண்டல அழுத்தம் 1 பார். டர்போ அதன்மேல் அரை பார் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆயிற்று. திறனும் ஒன்றரை மடங்கு ஆகுமா? ஆகாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் தொட்டுப் பார்த்திருக்கிறோம். அழுத்தினால் காற்று சூடாகும். 40 டிகிரிக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், குறையே இல்லாத விசிறியாக இருந்தாலும் 78 டிகிரி ஆகும். நூற்றுக்கு எழுபது பங்கு திறமையுள்ள விசிறியானால் 95 டிகிரி! சூடான காற்று விரியும். ஆகவே எடை குறையும். கணக்குப் போட்டால், ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு நமக்குக் கிடைக்கும் கூடுதல் காற்று நூற்றுக்கு 28 மட்டுமே.

அந்தக் காற்றை 'இன்டர்கூலர்' என்னும் குளிர்விப்பான் வழியாகச் செலுத்தி 55 டிகிரிக்குக் கொண்டுவந்தால், கூடுதல் காற்று நூற்றுக்கு 43 ஆக உயரும். அதாவது 80 குதிரைத்திறன், குளிர்விப்பான் இல்லாமல் 102, இருந்தால் 114. இரட்டிப்பு எங்கே? காகிதத்தில்கூட அது வரவில்லை.

சேலையூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் இந்தக் கணக்கைக் காட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காத்தை ஏத்துறது லேசும்மா. சூட்டை இறக்குறதுதான் கஷ்டம்." நாங்கள் இரண்டு பக்கம் எழுதியதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

எது முதலில் உடையும்?

எஞ்சினின் பாதுகாப்பான எல்லை என்பது ஒரே எண் அல்ல. சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே. அந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, நாக்கிங். பெட்ரோல் கலவை தீப்பொறியால் பற்றி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராக எரிய வேண்டும். அழுத்தமும் வெப்பமும் அளவு மீறினால், சுடர் வந்து சேருமுன்பே மீதிக் கலவை தானே வெடிக்கும். சிலிண்டருக்குள் சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை கேட்கும். அந்த அடி பிஸ்டனின் விளிம்பை உடைக்கும். ஹெட் கேஸ்கட்டைக் கிழிக்கும். டர்போ இல்லாத எஞ்சின்களில் கலவையைப் பத்தில் ஒரு பங்காக ஏற்கெனவே சுருக்குகிறார்கள். அதன்மேல் டர்போவும் அழுத்தினால் நாக்கிங் வருவதற்கு வெகு நேரமாகாது. இதனால்தான் டர்போவுக்கென வடிவமைக்கும் எஞ்சின்களில் இந்தச் சுருக்க விகிதத்தைப் பெரும்பாலும் குறைத்து வைக்கிறார்கள். பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவதே அதன் ஆக்டேன் எண்.

இரண்டாவது, விசை. அந்த எஞ்சினின் பிஸ்டன் பரப்பு ஏறக்குறைய 41 சதுர சென்டிமீட்டர். எரியும்போது உச்ச அழுத்தம் 60 பார் என்று கொண்டால், பிஸ்டன் தலைமேல் இரண்டரை டன் விழுகிறது. 43 சதவீதம் கூட்டினால் மூன்றரை டன். ஒரு கோயில் யானையின் எடை! அதுவும் ஒரு முறையா? 6000 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டன் மேலும் நிமிடத்துக்கு 3000 முறை. கனெக்டிங் ராடும் கிராங்க் ஷாப்டும் பேரிங்குகளும் இதைத் தாங்கியாக வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. டர்போவால் திறனைக் கூட்டினால் ராடு நசுக்கப்படுகிறது. சுற்று வேகத்தைக் கூட்டினால் ராடு இழுக்கப்படுகிறது. அந்த இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 6000-லிருந்து 7000-க்குப் போனால் இழுவிசை 36 சதவீதம் கூடும். ஆகவே அழுத்தத்தையும் கூட்டி, சுற்றையும் கூட்டுபவர் எஞ்சினை இரு கையாலும் அடிக்கிறார்.

மூன்றாவது, வெப்பம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எரியும் வாயுவோ அதைவிடப் பல மடங்கு சூடானது. பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணம், தான் பெறும் வெப்பத்தை வளையங்கள் வழியாகவும் எண்ணெய் வழியாகவும் உடனுக்குடன் கடத்திவிடுவதே. வரவு கூடி, செலவு கூடாவிட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

நான்காவது, பெட்ரோல் பற்றாக்குறை. காற்று 43 சதவீதம் கூடினால் பெட்ரோலும் அதே அளவு கூட வேண்டும். பம்பும் இன்ஜெக்டர்களும் பழையவையாகவே இருந்தால், அதிக வேகத்தில் பெட்ரோல் போதாது. காற்று மிகுந்த கலவை அதிகச் சூட்டில் எரிந்து நாக்கிங்கை அழைத்து வரும். எஞ்சின் சத்தமில்லாமல் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஐந்தாவது, எஞ்சினுக்கு வெளியே உள்ளவை. கிளட்ச், கியர்பாக்ஸ், டயர், எல்லாவற்றிலும் முக்கியமாகப் பிரேக். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதை நாம் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். 80 கிலோமீட்டர் வேகத்துக்குப் பதில் 120-ல் போகும் வண்டியை நிறுத்தப் பிரேக்குகள் இரண்டேகால் மடங்கு வெப்பத்தை விழுங்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் குறுக்கே வருபவர் நம் கணக்கைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

மூன்று சாட்சிகள்

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. அனுபவம் என்ன சொல்கிறது என்று அண்ணன் கேட்கலாம் அல்லவா? ஆகவே மூன்று சாட்சிகளை அழைக்கிறோம்.

முதல் சாட்சி ரயில் எஞ்சின். தாம்பரம் ரயில்வே ஊர். இங்குள்ள பல குடும்பங்கள் ரயில்வேயால் வாழ்ந்தவை. இந்திய ரயில்வே 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து தருவித்து, 1964 முதல் வாராணசியில் தயாரித்த டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின் டர்போ கொண்டது, 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். பின்னர் அதே வகை எஞ்சினை 3100-க்கு உயர்த்தி டபிள்யூ.டி.எம்.3ஏ என்று பெயரிட்டார்கள். உயர்வு நூற்றுக்கு 19. இதற்கு டர்போவை மட்டும் மாற்றினார்களா? இல்லை. காற்றுக் குளிர்விப்பான், எரிபொருள் பம்பு, கேம் ஷாப்ட், பிஸ்டன் எல்லாவற்றையும் மேம்படுத்தினார்கள். தனக்கென ஆராய்ச்சி நிலையமும் பணிமனைகளும் கொண்ட ரயில்வே, 19 சதவீதத்துக்கு இத்தனை பாடுபட்டது!

இரண்டாவது சாட்சி விமான எஞ்சின். நம் தாம்பரம் விமானப் படைத் தளத்தில் 1954 முதல் விமானப் பயிற்றுநர் பள்ளி நடக்கிறது. ஆகாயத்தில் மேலே போகப் போகக் காற்று மெலியும். ஆகவே பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் காலத்தில் சூப்பர்சார்ஜர் இன்றியமையாததாயிற்று. அவற்றுள் புகழ்பெற்றது ஸ்பிட்பயர் விமானத்தின் 27 லிட்டர் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். 87 ஆக்டேன் பெட்ரோலில் சதுர அங்குலத்துக்கு 6¼ பவுண்டு அழுத்தம், 1030 குதிரைத்திறன். 1940-ல் 100 ஆக்டேன் பெட்ரோல் வந்ததும், அழுத்தத்தை 12 பவுண்டுக்கு உயர்த்தி 1310 குதிரைத்திறன் பெற்றார்கள். உயர்வு 27 சதவீதம். ஆனால் நிபந்தனை என்ன தெரியுமா? ஐந்தே நிமிடம்! உயிர் போகும் ஆபத்தில் மட்டும். பயன்படுத்தினால் எஞ்சின் குறிப்பேட்டில் எழுத வேண்டும். போரின் இறுதியில் மெர்லின் ஏறத்தாழ 2000 குதிரைத்திறனை எட்டியது உண்மையே. ஆனால் அது பல ஆண்டுகள் படிப்படியாக வலுவாக்கப்பட்ட எஞ்சின்.

இந்த எஞ்சினைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விமானம் திடீரெனத் தலை குப்புறப் பாய்ந்தால் மெர்லினுக்கு முதலில் பெட்ரோல் தடைப்படும். பிறகு வெள்ளமாகப் பாய்ந்து எஞ்சின் திணறும். எதிரி பின்னால் வரும் நேரத்தில்! 1941-ல் இதற்குத் தீர்வு கண்டவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற இங்கிலாந்துப் பெண் பொறியாளர். நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் தகடு; அவ்வளவே. எஞ்சினின் முழுத் திறனுக்குத் தேவையான பெட்ரோலை மட்டும் அது விடும், மிகுதியைத் தடுக்கும். அவரே விமானத் தளங்களுக்கெல்லாம் சென்று அதைப் பொருத்தச் செய்தார். அவர் 1934-லேயே புரூக்லண்ட்ஸ் பந்தயச் சாலையில் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டியவர் என்பது வியப்புக்குரியது. வேகத்தை நேசித்த அந்தப் பெண்ணே எல்லையின் அருமையையும் அறிந்திருந்தார். எல்லை வகுப்பது கோழைத்தனம் என்று நினைப்போருக்கு இது தக்க விடை.

மூன்றாவது சாட்சி நம் பக்கத்து ஊரில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் 2010-ல் தொடங்கிய கார் தொழிற்சாலையை அறிவீர்கள். அங்கே உருவாகி 2020-ல் விற்பனைக்கு வந்த நிஸான் மேக்னைட் கார், இரண்டு எஞ்சின்களில் கிடைத்தது. இரண்டும் 999 சி.சி.; இரண்டும் மூன்று சிலிண்டர். டர்போ இல்லாதது 72 குதிரைத்திறன். டர்போ உள்ளது 100. உயர்வு 39 சதவீதம். முறுக்கு விசை 96 நியூட்டன் மீட்டரிலிருந்து 160 ஆயிற்று. அதிலிருந்து சிலிண்டருக்குள் நிலவும் சராசரிப் பயன் அழுத்தத்தைக் கணக்கிட்டோம்: 12 பாரிலிருந்து 20 பார். ஆனால் முந்தைய எஞ்சினிலேயே டர்போவை மாட்டிவிட்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அது தனியே வடிவமைத்த வேறு எஞ்சின். சிலிண்டரின் உட்சுவர்கூடக் கண்ணாடி போன்ற தனிப் பூச்சு பெற்றது.

19, 27, 39. இவை மூன்றும் பெரிய நிறுவனங்கள் பெற்ற சதவீதங்கள். அண்ணனுக்கு வாக்களிக்கப்பட்டதோ 100!

"பந்தயக் கார்கள் ஆயிரம் குதிரைத்திறன் பெறுகின்றனவே?" என்று கேட்கலாம். உண்மைதான். 1983-ல் பார்முலா 1 பட்டம் வென்ற காரின் பி.எம்.டபிள்யூ. டர்போ எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான். அதன் அடிப்படை சாதாரணக் காரின் எஞ்சின் பிளாக்கே. 1986-ல் அது தகுதிச் சுற்றில் ஆயிரத்தையும் தாண்டியது. ஆனால் அப்படி முடுக்கிய எஞ்சின் சில சுற்றுகளுக்கு மேல் வாழாது. அங்கே எஞ்சின் ஒரு நாளில் தீர்ந்துபோகும் மெழுகுவர்த்தி. நம் வீட்டிலோ அது பல ஆண்டு எரிய வேண்டிய விளக்கு.

ஆகவே எல்லை எது?

இத்தொழிலில் அனுபவம் உள்ளோர் பொதுவாகச் சொல்வது இது: மாற்றம் எதுவும் செய்யாத, நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சினில் டர்போ அழுத்தம் 0.3 முதல் 0.5 பார் வரை. திறன் உயர்வு மூன்றில் ஒரு பங்கு வரை. எங்கள் கணக்கும் அதையே காட்டுகிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. சிலிண்டர்களின் அழுத்தத்தை முதலில் அளந்து பார்க்க வேண்டும். தேய்ந்த எஞ்சினுக்கு இது கூடவே கூடாது. இன்டர்கூலர், பெரிய பம்பு, பெரிய இன்ஜெக்டர் வேண்டும். தீப்பொறி நேரத்தைப் பின்தள்ள வேண்டும். அழுத்தம் அளவு மீறினால் திறந்துவிடும் வால்வு வேண்டும். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். ரேடியேட்டரும் பிரேக்கும் அதற்கேற்ப இருக்க வேண்டும். இவற்றின் விலையைக் கூட்டினால் டர்போவின் விலை சிறிதாகிவிடும்.

இத்தனையும் செய்தாலும் இன்னொரு வாசல் மூடியே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கவும் இடமுண்டு. வேகத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயச் சாலை இருக்கிறது. அங்கே தலைக்கவசம், மருத்துவர், தீயணைப்போர் எல்லாம் உண்டு. நம் தெருவில் இருப்பது சைக்கிளில் பள்ளிக்குப் போகும் குழந்தைகள்.

இந்தக் கணக்குகளை எழுதிய நோட்டுப் புத்தகத்தை எங்கள் தோழி வீட்டுக்கு எடுத்துச் சென்றாள. அண்ணன் முதலில் சிரித்தாராம். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு அமர்ந்தாராம். இன்டர்கூலர் கணக்கில் நாங்கள் விட்டிருந்த ஒரு பிழையைக்கூடத் திருத்தித் தந்தார்; அதற்கு நன்றி. கடைசியில் நோட்டை மூடிவிட்டு, "அப்பா, நம்ம வண்டிக்குப் பிரேக்கும் டயரும் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றாராம். அம்மா மறுநாள் காலைத் திருப்பலிக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே வந்திருந்தார்.

தோழியரே, எஞ்சினை வடிவமைத்தவர் அது எவ்வளவு தாங்கும் என்று அறிந்து எல்லை வகுத்தார். அந்த எல்லையைக் கூட்ட முடியாது என்பதில்லை. ரயில்வேயைப் போல, மெர்லினைப் போல, ஒவ்வொரு உறுப்பையும் வலுவாக்கிப் படிப்படியாகக் கூட்டலாம். குறுக்குவழியில்தான் கூட்ட முடியாது. தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் விழித்து ஓராண்டுப் பாடத்தை உள்ளே தள்ளப் பார்க்கும் நமக்கும் இது பொருந்தும் அல்லவா? நாள்தோறும் சிறிது கூட்டுவோம். சூடு தணிய ஓய்வும் கொடுப்போம். நம்மைப் படைத்தவர் தந்த திறன் நெடுநாள் பயன்பட அதுவே வழி.

— இயற்பியல் மன்ற மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு